ஆலை நர்ஸின் உடுப்பு

1878இல், இங்கிலாந்தின் நார்விச் நகரில் கடுகுத் தூள் தயாரித்துவந்த கோல்மன் நிறுவனம், பிலிப்பா ஃபிளவர்டே என்ற நர்ஸை வேலைக்கு எடுத்தது. காலையில் ஆலை டிஸ்பென்சரியில் டாக்டருக்கு உதவி. பிற்பகலில் நோயாகக் கிடக்கும் தொழிலாளர்களின் வீடுகளுக்கு நடை. பிரிட்டனில் ஆலை நர்ஸ்களின் வரலாறு இவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1895இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சலவைக்கல் நிறுவனம் ஒன்று அடா மேயோ ஸ்டூவர்ட்டை நியமித்தது. அவர் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். கணுக்கால் வரை புரளும் பாவாடை சக்கரத்தில் மாட்டாமலிருக்க, அக்காலத்துப் பெண்கள் சைக்கிள்களில் பின்சக்கரத்தை வலை போட்டு மூடியிருந்தார்கள்.

சைக்கிளுக்கு வலை கட்டலாம். ஆலைக்கு முடியுமா? கூரையடியில் சுழலும் தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட் இறங்கி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆலை நர்ஸ்களோ ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவர்கள். உடுப்பும் அங்கிருந்தே வந்தது. கஞ்சி போட்டு விறைத்த வெள்ளை ஏப்ரன், தலையில் தொப்பி, கழற்றி மாட்டும் கழுத்துப் பட்டை, முழுக்கைச் சட்டையின் நுனியில் வெள்ளைக் கைப்பட்டை. காயத்துக்குக் கட்டுப் போடுமுன் கைப்பட்டையைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்ட வேண்டும். கடிகாரம் மணிக்கட்டில் இல்லை. நாடி பார்க்கக் குனிந்தால் தெரியும்படி மார்பில் தலைகீழாகத் தொங்கும். வார்டுக்கு இதெல்லாம் பொருத்தமே. இயந்திரத்தின் பக்கத்திலோ, தொங்குகிற எதுவும் ஆபத்துதான்.

உடுப்பும் பாதுகாப்பைச் சேர்ந்தது என்பதை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் முன்பே கண்டிருந்தார். 1859இல் வெளிவந்த தம் நூலில், கூண்டுபோல் விரியும் கிரினோலின் பாவாடைகளைக் கடுமையாகச் சாடினார்: அவை சரசரத்து நோயாளியின் அமைதியைக் கெடுக்கும், தீப்பற்றும். ஆனால் அவர் மனத்தில் இருந்தது நோயாளியின் அறை, பட்டறை அல்ல.

பட்டறையின் பாடத்தை முதல் உலகப் போர் கற்றுக்கொடுத்தது. லீட்ஸ் நகருக்கு அருகே பார்ன்போ வெடிகுண்டு ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷிஃப்ட்டுக்கு வந்ததும் சொந்த உடையைக் களைந்து, ஆலை தரும் அங்கியும் தொப்பியும் ரப்பர் அடிச் செருப்பும் அணிய வேண்டும். கொண்டை ஊசி, சீப்பு, தீப்பெட்டி, சிகரெட் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஓர் உலோகப் பொருள் உரசினால் போதும், பொறி பறக்கும். அப்படிப்பட்ட கட்டடத்துக்குள் நர்ஸின் கத்தரிக்கோலும், ஏப்ரனைப் பிடித்து நிற்கும் ஊக்கும், இடுப்புப் பெல்ட்டின் பக்கிளும்கூட வெடிக்குத் திரி வைப்பவைதான். இவ்வளவு காவலுக்கும் மீறி 1916 டிசம்பர் 5 இரவு அங்கே வெடித்தது. 35 பெண்கள் இறந்தார்கள். சிலரை அடையாளம் காட்டியது கழுத்தில் கிடந்த அடையாள வில்லை மட்டுமே.

இன்னொரு பக்கம் நஞ்சு. டி.என்.டி. வெடிமருந்துத் தூள் பட்டுப் பெண்களின் தோலும் முடியும் மஞ்சளாயின. ஊரார் அவர்களைக் கேனரிப் பறவைகள் என்றார்கள். சிலரைக் கொடிய காமாலை கொன்றது. தூசு துணியோடு வீட்டுக்குப் போகும் என்பதால், ஆலை உடுப்பு ஆலையிலேயே தங்க வேண்டும் என்ற பழக்கம் இத்தகைய வேலைகளில் உறுதிப்பட்டது. ஆனால், அமெரிக்காவில் நர்ஸின் உடுப்பு விஷயத்தில் இது சட்டமாக 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரத்தம் படக்கூடிய வேலைக்கான பாதுகாப்பு அங்கியை முதலாளியே தர வேண்டும், அவர் செலவில் துவைக்க வேண்டும், வேலையிடத்தை விட்டுப் போகுமுன் அதைக் கழற்ற வேண்டும் என்று அந்த ஆண்டின் விதி சொன்னது. இவ்வளவு தாமதமாக வந்தது வருத்தத்துக்குரியது. அதுவரை எத்தனை நர்ஸ்கள் கறைபட்ட கோட்டை வீட்டு வாளியில், பிள்ளைகளின் துணியோடு ஊறவைத்திருப்பார்கள்!

இடையில் துணியும் மாறியது. கஞ்சியும் இஸ்திரியும் கேட்காத நைலான், பாலியெஸ்டர் சீருடைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பரவின. துவைப்பவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வெல்டிங் நடக்கும் இடத்தில் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி உருகாது. தொப்பி 1970களுக்குப் பின் மெல்ல மறைந்தது. இன்று பல ஆலைகளில் நர்ஸ் வருவது பேன்ட், அரைக்கைச் சட்டை, முன்பக்கம் மூடிய ஷூவில். பட்டறையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால் ஹெல்மெட், கண்ணாடி, ஒளிரும் மேலங்கி சேரும். அடையாள அட்டைக் கயிறுகூட இழுபட்டால் தானே விட்டுக்கொள்ளும் வகையாக இருப்பது நல்லது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறையும் அதற்கு மருத்துவ, செவிலியப் பணியாளர்களும் வேண்டும் என்றது. ஓடும் இயந்திரத்தைச் சோதிப்பவருக்கு உடலை ஒட்டிய உடுப்பை நிர்வாகமே தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. வெள்ளைப் புடவை நர்ஸின் அடையாளமாக இருந்த நாட்டில், முந்தானையோடு அந்த இயந்திரத்தருகே விரைய வேண்டிய நர்ஸைப் பற்றியும் அது யோசித்திருக்க வேண்டும். பேன்ட்டும் கோட்டும் வந்த பிறகும் ஒரு குறை நிற்கிறது: பாதுகாப்புச் சாதனங்கள் பெரும்பாலும் ஆண்களின் உடலளவுக்கே செய்யப்படுகின்றன. பிரிட்டனின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 2017இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்துச் செய்தி கேட்டு ஓட வேண்டியவர், இரண்டு அளவு பெரிய ஷூவோடுதான் ஓட வேண்டியிருக்கிறது.