தபால் சிவப்பும் பெறுமானத் தேய்வும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, டோர்செட் பார்க்கில் எல்ஸ்மியர் வீதிப் பக்கமாக இருக்கும் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன். நம்மவர் ஒருவருடைய கராஜ்தான். வருமான வரிக் கணக்கு விடயமாகப் போன என்னை அவர் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், ஒரு மூலையில் மூடிக்கிடந்த துணியை இழுத்தார்.

"அண்ணை, இது என்னெண்டு தெரியுதோ?"

தெரியாமல் இருக்குமா? கட்டையான சில்லு, முன்னும் பின்னும் பெரிய கரியர், மங்கிப்போன சிவப்பு நிறம். எம்.டி. 90. யப்பானில் இருந்து எடுப்பித்திருக்கிறார். 15 வருடங்களைக் கடந்த வாகனங்களைக் கனடாவுக்குள் கொண்டுவருவதற்கு விதிகள் சற்றுத் தளர்வானவை. முப்பது வருடங்களாக நான் தொட்டுப் பார்க்காத ஒரு பொருள், ஸ்காபரோவில் என் முன்னே நின்றது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காக முதலில் ஒரு விளக்கம். 1980களிலும் 90களிலும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருந்தவர்களுக்கு எம்.டி. 90 என்றால் ஒரு மோட்டார் சைக்கிள் மட்டுமல்ல. அரிசி மூட்டை ஏற்றியதும் அதிலேதான், மருந்துப்பெட்டி கொண்டுபோனதும் அதிலேதான், பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதும் அதிலேதான். ஆனால் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பது எங்களில் பலருக்கு அந்தக் காலத்தில் தெரியாது. ஹொண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் என்ற சிறிய மோட்டார் சைக்கிளின் வழியில், யப்பானியத் தபால் சேவைக்கென்றே 1970களில் உருவாக்கிய இனம் அது. வீட்டுக்கு வீடு நின்று கடிதம் கொடுப்பவர் ஏறி இறங்க வசதியாகச் சிறிய சில்லு. கையால் கிளச் பிடிக்கவேண்டிய தேவை இல்லாத கியர். குளிர்காலத்தில் கை விறைக்காமல் இருக்கக் கைபிடியில் சூடு. நிறம் தபால் சிவப்பு.

ஏன் சிவப்பு? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிரித்தானியாவில் தபால் பெட்டிகளுக்கு 1859இல் பச்சை நிறத்தைத்தான் பொது நிறமாக்கினார்கள். மரத்தடியிலும் வேலி ஓரத்திலும் அது கண்ணில் படவில்லை என்று சனம் முறையிட்டது. 1874இல் சிவப்புக்கு மாற்றத் தொடங்கினார்கள். நாடு முழுவதும் பூசி முடிக்கப் பத்து வருடம் எடுத்தது. அந்தச் சிவப்பு இலங்கைக்கும் வந்தது, கனடாவுக்கும் வந்தது. பிரித்தானியக் குடியேற்றமாக ஒருநாளும் இருந்திராத யப்பானும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்புத் தபால் பெட்டியை விட்டுச் சிவப்புக்கு மாறியது. தூரத்தில் இருந்தே அடையாளம் தெரியவேண்டும் என்பதுதான் காரணம்.

தபால் திணைக்களங்கள் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டபோது நிறமும் கூடவே போனது. 1933இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தந்தி கொண்டுபோகும் பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கப்பட்டது. 1948இல் பி.எஸ்.ஏ. பன்ரம் என்ற சிறிய வண்டி வந்த பிறகு, ஆயிரக்கணக்கில் அதைத் தபால் சிவப்பில் வாங்கினார்கள். பிரித்தானியாவின் உள்நாட்டுத் தந்திச் சேவை 1982இல் நின்றுபோனது. அவுஸ்திரேலியாவிலும் தபால்காரரின் ஹொண்டா சிவப்பாகத்தான் இருந்தது. சேவை முடிந்தபின் அங்கே அவற்றை ஏலத்தில் விடுவார்கள். வாங்கியவர்கள் அதே சிவப்போடு நாடு சுற்றுவார்கள்.

சிவப்புக்கு ஒரு குறை உண்டு. வெய்யிலில் சீக்கிரம் தோற்கும் நிறங்களில் அது ஒன்று. பெயின்ற் என்பது நிறப்பொடியும் அதைப் பிடித்துவைத்திருக்கும் பிசினும் சேர்ந்தது. சூரியனின் ஊதாக்கடந்த கதிர் அந்தப் பிசினை மெல்ல மெல்ல உடைக்கும். மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கும். விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும். பழைய வண்டிகளில் நிறத்துக்கு மேலே தெளிந்த பூச்சு எதுவும் இல்லை. அதனால் அவற்றை மினுக்கும்போது துணி முழுக்கச் சிவப்பாகும். இப்போதைய வாகனங்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடிபோல ஒரு தெளிந்த பூச்சு இருக்கிறது. அவற்றைத் தேய்க்கும்போது துணியில் நிறம் வந்தால், மேற்பூச்சு முடிந்துவிட்டது, கையை எடு என்று அர்த்தம்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1994இல் நான் வணிகமாணிப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு நிவாரண அமைப்பில் கணக்கெழுதப் போனேன். அங்கே ஆறு எம்.டி. 90 நின்றன. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் என்பது சேலைன் போத்தலில் வைத்திருக்கும் பொருளாகிவிட்டது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து ஸ்ராட் செய்வோம். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். பின்னால் போகிறவர் முகம் கறுக்கும். இது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்த ஆறு வண்டிகளையும் பார்த்தவர் ஒரு வயதான மெக்கானிக். எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். மாதம் ஒருமுறை அவர் ஒரு பற்றுச்சீட்டு நீட்டுவார்: தேன்மெழுகு, பல்பொடி, பழந்துணி. நான் அதை நிறுத்தினேன். புதிதாகப் படித்து வந்த மிடுக்கு.

"அண்ணை, சனத்துக்கு மா இல்லை. வண்டிக்கு மினுக்கம் வேணுமோ?"

அவர் கோபிக்கவில்லை. "தம்பி, ஒரு நாளைக்கு வந்து பக்கத்தில இரும்" என்றார்.

போய் இருந்தேன். மண்ணெண்ணெய் ஒழுகிய இடமெல்லாம் முன்பு பூசிய மெழுகைக் கரைத்து, எண்ணெய்ப் பசையில் புழுதி ஒட்டியிருந்தது. அதை முதலில் கழுவினார். காயவிட்டார். பல்பொடியை ஈரத்துணியில் எடுத்து, உள்ளங்கை அளவு இடமாக மெதுவாகத் தேய்த்தார். துணி சிவந்தது, தாங்கி பளிச்சென்று வந்தது. பிறகு தேன்மெழுகைக் கொஞ்ச மண்ணெண்ணெயில் இளக்கி மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் துடைத்தார். விளிம்பு வந்த இடத்தில் மட்டும் கை நின்றது. "விளிம்பில பெயின்ற் மெல்லிசு. அதில தேய்ச்சால் இரும்பு தெரியும். இரும்பு தெரிஞ்சால் கடற்காற்று விடாது" என்றார்.

அன்று மூன்றாவது வண்டியைத் துடைக்கும்போது பின் கரியர் ஒட்டின இடத்தில் ஒரு வெடிப்பைக் கண்டார். மயிரளவு. அடுத்த நாள் அதிலே ஐம்பது கிலோ மூட்டை ஏற்றுவதாக இருந்தது. "துடைக்கிறவனுக்குத்தான் வெடிப்புத் தெரியும், தம்பி" என்றார். நான் அந்தப் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தேன். பிறகு ஒருநாளும் அதை நிறுத்தவில்லை.

கணக்கியல் படித்தவனுக்கு அங்கே இன்னொன்றும் விளங்கியது. பெறுமானத் தேய்வு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஒரு சொத்தின் பெறுமதியை வருடாவருடம் குறைத்து எழுதுவது. ஆனால் மினுக்குவதும் ஒரு தேய்வுதான். ஒரு காரின் முழுப் பூச்சும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குதான் தடிப்பு. ஒவ்வொரு தேய்ப்பும் அதில் ஒரு சிறு பங்கை எடுக்கும். அதாவது தேய்ப்பது முதலில் இருந்து எடுத்துச் செலவழிப்பது. மெழுகு பூசுவது அந்த முதலுக்குக் காவல் போடுவது. வருடத்துக்கு ஒருமுறை தேய்த்து, மாதாமாதம் மெழுகு பூசுகிறவன் கெட்டிக்காரன். மினுங்கவேண்டும் என்று வாராவாரம் தேய்க்கிறவன் கடைசியில் இரும்பைத்தான் மினுக்குவான்.

உலகம் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட கதையும் சுவையானது. ஆரம்பகாலக் கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷைத்தான் பூசினார்கள். காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். 1920களின் நடுப்பகுதியில் டியூக்கோ என்ற விரைவில் காயும் பூச்சு வந்து அந்தத் தாமதத்தை ஒழித்தது. 1921இல் பிரான்சிஸ் ஓக்கி என்ற மை வியாபாரி கண்டுபிடித்த, தண்ணீர் நனைத்துத் தேய்க்கும் தாளை அமெரிக்காவின் 3எம் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாங்கள் வோட்டர் பேப்பர் என்போமே, அதுதான். அதற்கு முன் காய்ந்த பூச்சைத் தேய்த்தபோது எழுந்த ஈயத்தூள் தொழிலாளரின் நெஞ்சுக்குள் போனது. தண்ணீர் அந்தத் தூளை அமர்த்தியது. 1925இல் அதே நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ விளிம்பை மறைத்து ஒட்டும் நாடாவைச் செய்தார். இன்று மினுக்குகிறவர்கள் பெரிதாக மதிக்கும் கார்ணௌபா மெழுகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையில் இருந்து. பனையோடு வளர்ந்த எங்களுக்கு இது கேட்க இனிக்கும் செய்தி.

மறுபடி யாழ்ப்பாணம். மினுக்கத்துக்கு அங்கே ஒரு ஆபத்தும் இருந்தது. பகலில் வெட்டையால் போகும்போது மினுங்குகிற தாங்கி ஆகாயத்துக்குத் தெரியும் என்று எங்களுக்குப் பயம். காலையில் அண்ணை மெழுகு பூசித் துடைத்துத் தந்த வண்டிக்கு, புறப்பட முன்னர் அவரே சேறு பூசுவார். பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனம். அவரிடம் கேட்டேன். "மெழுகு பூசின இடத்தில சேறு சும்மா கழுவுப்பட்டுப் போகும். பூசாத இடத்தில அது பெயின்றையும் சுறண்டிக்கொண்டு போகும்" என்றார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி. அந்த இரவை நான் விவரிக்கப் போவதில்லை. வலிகாமத்தில் இருந்து வந்த நேயர்கள் ஒவ்வொருவரிடமும் அந்த இரவு இருக்கிறது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் சனம் நகர்ந்தது. ஆறு வண்டிகளையும் உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். வழியில் நடக்க ஏலாத முதியவர்களைக் கரியரில் இருத்தினோம். நெரிசலில் ஆளையாள் தவறவிட்டோம். தென்மராட்சியில் நாங்கள் மறுபடி சேர்ந்தபோது இரண்டு வண்டிதான் இருந்தது. அண்ணை வரவில்லை. அவர் கொண்டுவந்த வண்டியும் வரவில்லை. பிறகு பல வருடம் விசாரித்தேன், தகவல் கிடைக்கவில்லை.

நான் சொத்துப் பதிவேட்டை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு கொண்டுவந்திருந்தேன். அதிலே நான்கு வண்டிகளுக்கு எதிரே ஏதாவது எழுதவேண்டும். பதிவழிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. என் படிப்பு அதைத்தான் எழுதச் சொன்னது. மூன்று வண்டிக்கு எழுதினேன். நான்காவதற்கு எதிரே எழுதப் பேனை போகவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுப் பதிவேட்டைக் கையளித்தேன். என் தொழில் வாழ்க்கையில் தெரிந்துகொண்டே நான் பூர்த்திசெய்யாமல் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

இனி டோர்செட் பார்க் கராஜுக்கு வருகிறேன். இந்த ஊருக்குக் கடல் கிடையாது, ஆனால் உப்பு உண்டு. பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு, எங்கள் கடற்காற்றுச் செய்த வேலையைத்தான் இரும்புக்குச் செய்கிறது. கராஜ்காரத் தம்பி அந்த எம்.டி. 90ஐ முழுக்கச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ற் அடிக்கும் எண்ணத்தில் இருந்தார். ஈரத்துணியால் ஒரு இடத்தைத் துடைக்கச் சொன்னேன். துணி சிவந்தது. தாங்கியில் பூச்சு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். விளிம்புகளுக்கு நாடா ஒட்டிவிட்டு, மெல்லிய பொலிஷ் போட்டுக் கையாலேயே தேய்த்தோம். ஒரு மணித்தியாலத்தில் தாங்கி அந்தப் பழைய சிவப்புக்கு வந்தது.

ஒரு பக்கத்தில் மட்டும் நிறம் தேய்ந்து அடிப்பூச்சுத் தெரிந்தது. முழங்கால் படுகிற இடம். எந்த ஊர்த் தபால்காரரோ, எத்தனை வருடம் கடிதம் கொண்டுபோனாரோ. தம்பி அதையும் தேய்க்கக் கையை வைத்தார்.

"அதை விடும் தம்பி. அதில இனி எடுக்க முதல் இல்லை. மெழுகை மட்டும் பூசும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கே விளங்கியது. தம்பி என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மெழுகு டப்பாவை எடுத்தார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தில் குந்தினேன். அன்று வரிக் கணக்குப் பார்க்கவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டு அல்பங்களில் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில் யாரோ நிற்பார். அடுத்த முறை பிள்ளைகளுக்குப் படம் காட்டும்போது, அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த மாதம் மறுபடியும் சந்திப்போம்.