மருந்தின் அளவு

விஸ்வநத்தத்தில் 'மருந்து' என்றால் வைத்தியர் ஞாபகம் வராது. பட்டாசு ஆலைதான் ஞாபகம் வரும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்து அங்கே வாணமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதே மருந்து இலங்கைக் காடுகளில் யானைக்கு எமனாக இருந்தது.

1848-இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. 1840-இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்து கொடுத்தது. குழாயின் வாய்வழியே மருந்தைக் கெட்டித்துச் சுடும் ரகம். எடை 21 ராத்தல். குண்டு 3 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ். அந்நாளில் இது அசுர அளவு.

ஏன் அவ்வளவு? மருந்து குறைந்தால் குண்டு யானையின் மண்டையை ஊடுருவாது. காயம்பட்ட யானை ஆள்மேல் பாயும். இல்லையேல் காட்டுக்குள் ஓடி, வேதனைப்பட்டுச் சாகும். மருந்து கூடினாலோ, சாதாரண உருண்டைக் குண்டு குழாயின் உள்வரிகளைப் பற்றாமல் வழுக்கிக் குறி தப்பும். உதையும் தோளைப் பதம் பார்க்கும். பேக்கருடைய குண்டுக்கு நடுவில் ஒரு பட்டை உண்டு. அது வரிகளில் கச்சிதமாகப் பொருந்தும். உதையைத் துப்பாக்கியின் கனம் வாங்கிக்கொள்ளும். மருந்தைத் தாராளமாகப் போட முடிந்தது அதனால்தான்.

கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் யானையை ஏன் சுட வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை. நம் நாட்டில் அந்தக் கேள்வி சட்டமாக வந்தது பின்னாளில்தான்.

விஸ்வநத்தத்திலும் மருந்தை அளக்கிறார்கள். வேட்டைக்கு அல்ல, நம் வீட்டுக் குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பதற்கு. பேக்கருக்கு அளவு தப்பினால் முதல் வேதனை யானைக்கு. இங்கே தப்பினால், அளந்த கைக்கு.