சிறுவர் கதைகளும் தமிழ்த் திரைப்படங்களும்

சிறுவர் கதைகளையும் நாட்டார் கதைகளையும் தழுவி, குடும்பத்தோடு பார்க்கத்தக்க மாயாஜாலப் படங்கள் 1950களில் சென்னையிலும் சேலத்திலும் உருவாயின. அவற்றுள் பாதாள பைரவி (1951), அலிபாபாவும் 40 திருடர்களும் (1956), மாயாபஜார் (1957) ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

பின்னணி

மேலை நாடுகளில் ஒரு நூல் நேராகப் படமாவது வழக்கம். எல். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய நாவல், 1939-இல் 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படமானது. இங்கே வழி வேறு. பாட்டி சொன்ன கதை கூத்திலும் நாடகத்திலும் கதைத் தொகுப்பிலும் புகுந்து, பிறகு திரைக்கு வந்தது. அதனால் பல படங்களுக்கு மூல ஆசிரியர் இன்னார் என்று சுட்டுவது எளிதன்று.

அம்புலிமாமா

பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947-இல் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினர். இவ்விருவரே விஜயா புரொடக்சன்ஸ் படநிறுவனத்தையும் நடத்தினர். இதழில் மந்திரவாதியும் இளவரசியும் வேதாளமும் படக்கதைகளாக உலவிய அதே காலத்தில், வடபழனியில் அவர்களுடைய படப்பிடிப்புத் தளத்திலும் அத்தகைய உலகம் எழுந்தது. விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் புகழ்பெற்ற ஓவியத்தை வரைந்தவர் சங்கர் (கே. சி. சிவசங்கரன், 1924–2020).

பாதாள பைரவி

கே. வி. ரெட்டி இயக்கிய இப்படம் தெலுங்கிலும் தமிழிலும் வெளியானது. மதிர சுப்பன்ன தீட்சிதர் தெலுங்கில் எழுதிய காசி மஜிலி கதைகளும் அலாவுதீன் கதையும் இதற்குத் தூண்டுதல். மந்திரவாதி (எஸ். வி. ரங்காராவ்) வரம் தரும் சிலையைப் பெறுவதற்காகத் தோட்டக்காரன் மகனை (என். டி. ராமாராவ்) பலியிட நினைக்கிறான், கடைசியில் அவனே பலியாகிறான். சிலை இளைஞன் கைக்கு வருகிறது. அலாவுதீனின் விளக்கு இங்கே பைரவியின் சிலையாகிவிட்டது. தமிழ் வசனமும் பாடல்களும் தஞ்சை ராமையாதாஸ். 1952-இல் நடைபெற்ற முதலாவது இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இப்படம் திரையிடப்பட்டது.

அலிபாபாவும் 40 திருடர்களும்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம், அரபுக் கதையொன்றை எடுத்து இயக்கிய படம். எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தனர். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இதுவே.

மாயாபஜார்

வியாசபாரதத்தில் இல்லாத, நாட்டார் மரபில் வாழ்ந்த வத்சலை திருமணக் கதை இது, முன்பும் படமாகியிருந்தது. கடோத்கஜனாக ரங்காராவ் கல்யாண விருந்தை ஒருவராகவே காலிசெய்யும் காட்சியில் லட்டுகள் தாமே பறந்து வாய்க்குள் செல்லும். கணினி இல்லாத அக்காலத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியும் கலைஞர்களும் படக்கருவித் தந்திரங்களாலும் சிற்றுருவ அமைப்புகளாலும் இவற்றைச் சாதித்தனர். தமிழில் அபிமன்யுவாக ஜெமினி கணேசன் நடித்தார். தெலுங்குப் படம் 2010-இல் வண்ணமாக்கப்பட்டு மீண்டும் வெளியானது.

இன்றைய நிலை

அம்புலிமாமா அச்சில் வருவது நின்றுவிட்டது. குடும்பங்கள் கூடிப் படம் பார்த்த அரங்குகளும் குறைகின்றன. வடசென்னையில் தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டது. படங்கள் இணையத்தில் கிடைத்தாலும், அவற்றுக்கு ஊற்றான வாய்மொழிக் கதைகளைச் சொல்வோர் அருகி வருகின்றனர். மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்தால், படத்தில் சேராமல் விடுபட்ட கதைகளாவது மிஞ்சும்.