வெடிமருந்தும் வேலைமேசையும்

படைக்கலங்களின் வரலாறு எழுதியோர் துவக்கைப் பற்றி எழுதினர். துவக்கை ஏந்திய வீரனைப் பற்றி எழுதினர். அவன் வென்ற போரையும் வீழ்ந்த களத்தையும் எழுதினர். அத்துவக்கில் இட்ட தோட்டா எந்த மேசைமீது அடைக்கப்பட்டது என்பதை எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், வெடிமருந்தைக் கையாண்ட மனிதன் குறி தப்பாது சுட்டானா, வேலை முடிந்து உயிரோடு வீடு திரும்பினானா என்னும் இரண்டினையும் முடிவுசெய்ததில் அந்த எளிய மேசைக்குப் பெரும் பங்கு உண்டு. நேயர்களே, அம்மேசையின் வரலாற்றையும், உறுதியான மேசை எது என்று தேர்ந்துகொள்ளும் முறையையும் இன்று ஆராய்வோம்.

முதற்காலத்துத் துவக்கிற்கு மேசை தேவைப்படவில்லை. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, உண்டையை இட்டு, நெட்டுக்கோலால் இடித்து இறுக்குவதே அக்கால வழக்கம். நின்ற இடமே பட்டறை, கையே மேசை. 1505ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் நம் தீவிற்கு வந்தனர். 1628ஆம் ஆண்டிலே மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். இவ்விரு சாராரோடும் பொருத கண்டி இராச்சியத்தில், துவக்குச் செய்யும் கலை பொற்கொல்லர் கலையோடு போட்டியிடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லேவுக்கே திசாவையின் சிறு பீரங்கி அதற்குச் சான்று. 1765ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கவர்ந்து சென்ற அப்பீரங்கி, 2023ஆம் ஆண்டிலேதான் நெதர்லாந்திலிருந்து மீண்டு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவிலே குடியிருந்து இத்தீவின் காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், நான்கு அவுன்சு உண்டையை எறியும் பெருந்துவக்கு ஒன்றை வைத்திருந்தார். அதற்கு அவர் இட்ட மருந்து 16 டிராம். அதாவது ஓர் அவுன்சு. அத்துணைப் பெரிய அளவில் ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் பெரும் வேறுபாடு தோன்றாது. கரிய வெடிமருந்து அவ்வகையில் பொறுமை உடையது. ஆகவே கொம்பிலும் மூடியிலும் அளந்து இடுவதே போதுமானதாயிற்று.

படைகள் பெருகியபோது இம்முறை போதவில்லை. ஆயிரக்கணக்கான வீரர் ஒரே வேகத்தில் சுட வேண்டுமாயின், அளந்த மருந்தையும் உண்டையையும் ஒருங்கே காகிதத்தில் சுருட்டி முன்னரே ஆயத்தம் செய்தல் வேண்டும். அதுவே காகிதத் தோட்டா. இங்கேதான் மேசை வரலாற்றிலே நுழைகின்றது. சுடுபவன் ஓரிடத்தில், தோட்டாவைச் சுருட்டுபவன் வேறிடத்தில் என்னும் பிரிவும் அன்றே உண்டாயிற்று. சுருட்டும் மேசையைச் சுடுபவன் காணான். காணாத மேசையை அவன் நம்பவேண்டும்.

அந்நம்பிக்கை முறிந்தால் விளைவது யாது என்பதை 1857ஆம் ஆண்டு இந்தியா காட்டிற்று. புதிய என்பீல்டு துவக்கின் தோட்டாவைச் சிப்பாய் பல்லாற் கடித்துத் திறக்கவேண்டியிருந்தது. அக்காகிதத்திற் பூசிய கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்ற செய்தி, அவ்வாண்டு சனவரி மாதத்தில் கல்கத்தாவை அடுத்த தம்தம் பாசறையில் எழுந்து எங்கும் பரவிற்று. சிப்பாய்கள் தாமே விரும்பிய நெய்யைப் பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் பின்னர் இசைந்தும் பயனில்லை. ஏப்பிரல் 24ஆம் நாள் மீரட் நகரில் 85 குதிரைவீரர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10ஆம் நாள் கிளர்ச்சி மூண்டது. அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும் தோட்டா எவ்விடத்தில், எப்பொருளால், எவரால் ஆயத்தமாயிற்று என்னும் ஐயமே அதற்குத் தீ மூட்டிய பொறி எனலாம்.

நம்பிக்கை முறிந்த கதை அது. மேசையைச் சுற்றியிருந்த ஒழுங்கு முறிந்த கதையொன்றும் உண்டு. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க நாடு உள்நாட்டுப் போரில் மூழ்கியது. ஆடவர் போர்க்களம் சென்றமையால், தோட்டா சுருட்டும் மேசைகளுக்குப் பெண்களும் சிறுமியரும் வந்தமர்ந்தனர். 1862ஆம் ஆண்டு செத்தெம்பர் 17ஆம் நாள், பிற்சுபர்க் நகரை அடுத்த அலிகெனி படைக்கலச்சாலை வெடித்தது; 78 பேர் மாண்டனர். சாலையில் சிந்திக்கிடந்த மருந்துத் தூளில், வண்டிச் சக்கரமோ குதிரை இலாடமோ கல்லில் எழுப்பிய பொறி பட்டிருக்கலாம் எனக் கருதப்பட்டது. 1864ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் வாசிங்டன் படைக்கலச்சாலையில் 21 பெண்கள் மாண்டனர். அங்கே வெயிலிற் காயவைத்த வாணப் பொருள்கள் பற்றியெரிந்து, சாளரத்தின் வழியே மேசைகள்மீது பாய்ந்தன.

இவை இரண்டிற்கும் இடையே, 1863ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள், இரிச்சுமண்ட் நகரத்து ஆற்றுத்தீவாகிய பிரௌன்சு தீவில் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு மிக அண்மையானது. பதினெட்டு வயதுடைய மேரி இரையன் என்னும் பெண், உராய்வினால் தீப்பற்றும் பீரங்கிப் பற்றுமருந்துக் குச்சிகளைப் பலகையில் அடுக்கும் வேலையில் இருந்தாள். ஒரு குச்சி பலகையிற் சிக்கிக்கொண்டது. அதனை விடுவிக்கப் பலகையை மேசையின்மீது தட்டினாள். அது பற்றியது. அதே அறையில் பழுதான தோட்டாக்களைப் பிரிக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தமையால், காற்றிலும் தரையிலும் மருந்துத் தூள் நிறைந்திருந்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களிற் பெரும்பாலார் பெண்களும் சிறுமியரும் ஆவர். நிகழ்ந்ததைச் சொல்லிவிட்டுச் சில நாளில் மேரியும் இறந்தாள். மேசை உடைந்ததனாலோ சாய்ந்ததனாலோ நேர்ந்ததன்று அது. ஒரே இடத்தில் ஒன்றோடொன்று சேரத்தகாத இரு வேலைகள் சேர்ந்தன என்பதே குற்றம்.

1866ஆம் ஆண்டளவில் தோட்டாவின் வடிவம் மாறிற்று. இங்கிலாந்தில் எட்வர்ட் பொக்சரும், அமெரிக்காவில் ஐரம் பேர்டனும், உலோகக் கோதின் அடியில் பற்றுமருந்து கொண்ட சிறு கிண்ணத்தைப் பதிக்கும் முறைகளை வகுத்தனர். வேட்டைக்காரர் அக்கிண்ணத்தைக் கேப்பு என்பர். காகிதம் எரிந்துபோகும், பித்தளைக் கோது எஞ்சி நிற்கும். எஞ்சிய கோதை மீண்டும் நிரப்பலாம் என்பதை, தொலைவான காடுகளில் வாழ்ந்த வேட்டைக்காரர் விரைவில் உணர்ந்தனர். இவ்வாறு, படைக்கலச்சாலையின் வேலை வீட்டிற்குள் வந்தது. 1884ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் போல் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டார். அது கரிய மருந்தைப் போலப் பொறுமை உடையதன்று. சிறிய அளவிலேயே பேராற்றல் காட்டுவது. அதனை அளக்கும் அலகு கிறெயின். ஓர் இறாத்தலில் 7000 கிறெயின் அடங்கும். ஆகவே பொன் நிறுக்கும் தட்டாரின் தராசை ஒத்த நுண்தராசு வேட்டைக்காரன் வீட்டிற்கும் தேவையாயிற்று. தராசு வந்த இடத்தில் அசையாத மேசையும் வந்தே தீரவேண்டும்.

அடுத்துக் கோதுகளை அழுத்தி வடிவுதிருத்தும் நெம்புகோற் பொறி வந்தது. 1943ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் பிரெட் அன்ரிங்டன் தொடங்கிய தொழில் இப்பொறிகளை வீடுதோறும் பரப்பிற்று. இப்பொறியின் பிடியைக் கீழே இழுக்கும்போது மேசையின் முன்விளிம்பு தாழ்த்தப்படுகின்றது. மேலே தள்ளும்போது உயர்த்தப்படுகின்றது. நாளொன்றுக்கு நூறு முறை இவ்விழுப்பைத் தாங்காத மேசை, முதலில் முனகும்; பின்னர் ஆடும்; ஆடும் மேசைமேல் தராசு பொய் சொல்லும். அளவு தவறிய மருந்து குழலையே பிளக்கக் கூடும். சட்டம் இசையும் நாடுகளில் இன்றும் இலக்குச் சுடுவோரும் வேட்டைக்காரரும் வீட்டிலே தோட்டா நிரப்புகின்றனர். அவர்கள் பொறிக்கு முன்னர் மேசையைத் தேர்வது இதனாலேயே.

உறுதியான மேசையின் இலக்கணம் யாது? முதலாவது, பாரம். நம் பகுதிக் காட்டு மரங்களுள் பாலை நீரில் அமிழும் கனமுடையது. முதிரையும் வைரம் பாய்ந்தது. இத்தகைய மரத்தில் இரண்டங்குலத் தடிப்புள்ள மேற்பலகை அசைவை விழுங்கிவிடும். மென்மரமே கிடைக்குமாயின், பலகைகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டித் தடிப்பைப் பெருக்கலாம். இரண்டாவது, பொருத்து. காலில் துளையிட்டு, குறுக்குச் சட்டத்தின் நாவை அதனுள் இறக்கி முளையடித்த பொருத்து, ஆணி மட்டும் அறைந்த பொருத்தினும் நெடுநாள் நிற்கும். நிலத்திற்குச் சற்று மேலே குறுக்குச் சட்டம் ஓடவேண்டும்; அதன்மேல் பாரம் ஏற்றினால் மேசை பின்னும் உறுதிபெறும். மூன்றாவது, நிலை. மேசையின் பின்புறத்தைச் சுவரோடு பிணைத்தலும், பொறியை நடுப்பலகையிற் பூட்டாது காலுக்கு நேர்மேலே பூட்டுதலும் வேண்டும். நான்காவது, தளம். வெடிப்பும் இடுக்கும் இல்லாத வழுவழுப்பான மேற்பரப்பே தக்கது. இடுக்கில் தங்கிய மருந்து துடைப்பத்திற்கு எட்டாது. உருண்டோடும் கேப்புகள் கீழே விழாதபடி சிறு விளிம்பும் வேண்டும். வாவியும் கடலும் சூழ்ந்த நம் கல்குடாப் பகுதியில் எந்த வேலைமேசைக்கும் பொருந்தும் ஐந்தாவது விதியொன்றும் உண்டு: உப்புக்காற்று இரும்பாணியை அரிக்கும், கறையான் காலை அரிக்கும். ஆண்டுக்கொருமுறை இரண்டையும் சோதித்தல் வேண்டும்.

மேசை உறுதியாயின் போதுமா? போதாது என்பதே இரிச்சுமண்டின் பாடம். மேசைமேல் ஒருபோதில் ஒரே வகை மருந்தே இருத்தல் வேண்டும். சிக்கியதைத் தட்டி விடுவித்தல் ஆகாது. விளக்குச் சுடரோ சுருட்டோ அருகில் வரலாகாது. உண்ணும் மேசையை இவ்வேலைக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. உண்டையின் ஈயத்தூள் கண்ணுக்குத் தோன்றாது உணவிற் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வேலை முடிந்தபின் மேசை வெறுமையாதல் வேண்டும். வெறுமையான மேசையே நன்கு பேணப்பட்ட மேசை.

நம் நாட்டிலே, 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் உரிமப்பத்திரமின்றித் துவக்கையும் வெடிமருந்தையும் வைத்திருத்தலைத் தடுக்கின்றன. ஆதலால் இம்மேசையை நம் வீட்டில் அமைக்கவேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் இவ்வரலாற்றின் பாடம் நமக்கு வேண்டாததன்று. முப்பதாண்டுப் போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியகற்றப்பட்ட மாவட்டமென 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எனினும், போர் நடந்த மண்ணிலே உழும்போதும் கிணறு தோண்டும்போதும் பழைய வெடிபொருள் வெளிப்படக் கூடும். அதனைக் கண்டெடுத்த சிறுவன் முதலில் நாடுவது யாது? வீட்டு மேசையும் ஒரு சுத்தியலுமே. உள்ளே என்ன இருக்கின்றது என்று அறியும் ஆவல் சிறுவர்க்கு இயல்பு; அந்த ஆவல்தான் பள்ளிக்கூடத்திற்கே அடிப்படை. ஆயினும் தட்டிப் பார்த்து அறியத்தகாத பொருளும் உலகில் உண்டு என்பதையும் பள்ளிக்கூடமே கற்பித்தல் வேண்டும். தொடாதே, இடத்தை நினைவிற்கொள், பெரியோரிடம் சொல், பெரியோர் பொலிசாரிடம் சொல்லுக. இந்நான்கு சொற்றொடர்களும் எண்சுவடியைப் போல மனனமாக வேண்டும்.

நம் பாடசாலை மரவேலைக்கூடத்து மேசைக்கும் மேற்சொன்ன இலக்கணங்களே பொருந்தும். பாரமும், பொருத்தும், நிலையும், தளமும், தூய்மையும் அமைந்த மேசையிலே ஒருநாள் வேலை செய்த மாணவன், அவசரத்தையும் அலட்சியத்தையும் சிறிது மறந்தே எழுவான். பேக்கர் கொம்பில் அளந்தார். மேரி மேசையில் தட்டினாள். பின்வந்தோர் தராசில் நிறுத்தனர். மனிதன் ஆற்றலைக் கையிலெடுத்த வரலாறு ஒருபுறமிருக்க, அவ்வாற்றலை வைக்க உறுதியான இடமொன்றைத் தேடிய வரலாறும் உண்டு. பின்னதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாது முன்னதை மட்டும் சொல்லுதல், சுவரின்றிக் கூரை வேய்வதை ஒக்கும்.