படித்துறையில் நாய்க்கு முடிவெட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரீஸ்காரர்கள் தங்கள் நாயைச் சுத்தப்படுத்த சேன் நதிக்கரைக்குத்தான் கூட்டிப்போவார்கள். போன் நெஃப் பாலத்தின் மேலும் அதையொட்டிய கரைகளிலும் நாய்க்கு முடிவெட்டுபவர்கள் கடை விரித்திருப்பார்கள். கடை என்றால் சாமான் பெட்டி, உட்கார ஒரு ஆசனம், சில கத்தரிகள், அவ்வளவுதான். திமிறும் நாயை மடியில் மல்லாத்தி அமுக்கிக்கொண்டு வேலை நடக்கும். பூடில்தான் முக்கிய வாடிக்கை. பூனைக்குக் காயடிப்பதையும் சிலர் சேர்த்துச் செய்தார்கள். கூப்பிட்டால் வீட்டுக்கும் வருவோம் என்று பலகையில் எழுதி வைத்தார்கள்.

வீட்டிலேயே குளிப்பாட்டினால் என்ன? தண்ணீர் வேண்டுமே! வாளிகளைச் சுமந்து மாடிப்படி ஏறும் தண்ணீர்க்காரரிடம் காசு கொடுத்துத்தான் பல குடும்பங்கள் தண்ணீர் வாங்கின. குடத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துப் பழகிய நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

பூடிலின் முடிவெட்டைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. மார்பில் புசுபுசுவென்று முடி, இடுப்புக்குப் பின்னால் மொட்டை, கால் மூட்டுகளில் பந்து பந்தாக மிச்சம். பணக்காரக் கிறுக்கு என்றுதான் தோன்றும். ஆனால், பூடில் அடிப்படையில் வேட்டைநாய். வேட்டைக்காரர் வீழ்த்திய வாத்தை நீந்திப்போய்க் கவ்விவருவது அதன் வேலை. நனைந்து கனக்கும் முடி நீந்தவிடாது என்று பின்பக்கத்தை மழித்தார்கள். குளிர் தாக்கக்கூடாது என்று மார்பிலும் மூட்டிலும் விட்டுவைத்தார்கள். நீர்ப்பறவை வேட்டை பற்றி 1621இல் நூல் எழுதிய ஆங்கிலேயர் ஜெர்வேஸ் மார்க்கம், பின்பக்கத்தை இப்படி மழிப்பது கோடைக்குச் சரி, உடம்பு முழுக்க மழிப்பது கூடாது என்கிறார். நாயின் குளிரை அறிந்த மனிதர்!

அதற்கும் முன்பு நாய் பராமரிப்பு சிறுவர்களின் வேலை. தெற்கு பிரான்சின் ஃபுவா பிரபு கஸ்தோன் ஃபெபூஸ் 1387இல் தொடங்கிய வேட்டை நூலில் நாய்க்கொட்டடிப் பையனின் கடமைகள் விவரமாக வருகின்றன. இராப்பகலாக நாய்களோடே கிடக்க வேண்டும். சண்டை வந்தால் விலக்கிவிட வேண்டும். நாய்களைச் சீப்பால் வாரி, வைக்கோல் பிரியால் அழுத்தித் துடைக்க வேண்டும். குளியலைவிட இந்தத் தேய்ப்புக்குத்தான் அன்று மரியாதை. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க எழுத்தாளர் அரியன், குதிரைக்குப் போலவே வேட்டைநாய்க்கும் உடம்பு முழுக்கத் தேய்த்துவிடுவது நல்லது என்று சொல்லியிருக்கிறார்.

பாரீஸில் 1865இல் துயி கால்வாயும் 1874இல் வான் கால்வாயும் தூரத்து ஊற்றுநீரைக் கொண்டுவந்தன; குழாய்கள் மெல்ல மெல்ல வீடுகளுக்குள் நுழைந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லண்டனில் நாய் பிஸ்கட்டால் பெயர்பெற்ற ஸ்ப்ராட்ஸ் நிறுவனம், விஷமற்றது என்ற விளம்பரத்தோடு நாய் சோப்பும் விற்றது.

குழாய் வந்ததும் கரையோரக் கத்தரிக்காரர்கள் காணாமல் போய்விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான பாரீஸ் அஞ்சலட்டைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். சோப்பு போட வீட்டில் யாராவது போதும். நெளியும் பூடிலின் தொடையிடுக்கில் காயமில்லாமல் கத்தரி ஓட்ட, பழகிய கை தேவைப்பட்டது.