விமான இயந்திரத்தின் மேலுறை

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியா என்றவுடன் காசியப்ப மன்னனின் குன்றுக்கோட்டையே யாவர் நினைவிலும் எழும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே ஒரு விமானத்தளமும் இயங்கியது என்பதை அறிந்தோர் சிலரே. 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு காலம் பிரித்தானிய அரச விமானப்படையின் 160ஆம் அணி அத்தளத்தில் தங்கியிருந்தது. அதன் லிபரேட்டர் விமானங்கள் இந்து சமுத்திரத்தைக் காவல் செய்தன. ஏறத்தாழ 1,000 மைலுக்கு அப்பாலுள்ள சுமாத்திராவின் வடமுனை வரை சென்று, யப்பானியர் வசமிருந்த கரைகளைப் படம்பிடித்துத் திரும்பின.

ஒவ்வொரு லிபரேட்டருக்கும் நான்கு இயந்திரங்கள். ஒவ்வோர் இயந்திரத்திலும் 14 சிலிண்டர்கள் இரண்டு வரிசையில் வட்டமாக நின்று, ஏறத்தாழ 1,200 குதிரை வலுவை அளித்தன. அவற்றைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லை. எதிர்வரும் காற்று ஒன்றே துணை. கடலின் நடுவே இயந்திரம் சூடேறிப் பழுதுபட்டால் இறங்குவதற்கு நிலம் ஏது? அக்காற்றை நெறிப்படுத்தி உயிர்களைக் காத்தது, இயந்திரத்தைச் சூழ்ந்திருந்த மெல்லிய தகட்டு மேலுறையே. விமானத் தொழிலாளர் அதனைக் கௌலிங் என்பர்.

இவ்வுறையின் வரலாறு சுவையானது. 1920ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான விமானங்களில் சிலிண்டர்கள் திறந்தபடியே காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. மூடினால் வெப்பம் மிகும் என்று அஞ்சினர். ஆயின், திறந்த சிலிண்டர்கள் காற்றைக் கலக்கி, விமானத்தைப் பின்னுக்கு இழுத்தன. அமெரிக்காவில் லாங்லி ஆய்வுகூடத்தில் பிரெட் வைக் என்னும் பொறியியலாளரும் அவர்தம் துணைவரும் பெரிய காற்றுக் குகை ஒன்றில் இதனை ஆராய்ந்தனர். முழுமையாக மூடிய முதல் உறையில் இயந்திரம் சூடேறியது. அவர்கள் மனந்தளரவில்லை. உள்ளே நுழையும் காற்றைச் சிலிண்டர்களின் மீதே செலுத்தும் தடுப்புத் தகடுகளை அமைத்து, படிப்படியாகத் திருத்தி, 1928இல் வெற்றி கண்டனர். மணிக்கு 118 மைல் பறந்த கர்ட்டிஸ் விமானம் ஒன்று அவ்வுறை பூண்டபின் 137 மைல் பறந்தது; இயந்திரத்தின் வலுவோ கூடவில்லை! மறு ஆண்டு பிப்ரவரியில், இவ்வுறை பொருத்திய லொக்ஹீட் விமானத்தில் பிராங்க் ஹாக்ஸ் என்பார் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயோர்க் நகருக்குச் சுமார் 18 மணி நேரத்தில் பறந்து சாதனை நிலைநாட்டினார். ஏற்கெனவே கட்டிய விமானத்துக்கும் புதிய உறை பயன் தரும் என்பதை உலகம் உணர்ந்தது.

போர் முடிந்த பின்னர், சிறு விமானங்களைத் தம் வீட்டிலேயே கட்டிப் பறக்கும் ஆர்வம் பல நாடுகளில் வளர்ந்தது. இலங்கையிலும் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) இலகு விமானங்களைத் தாமே வடிவமைத்துக் கட்டிப் பறந்தார். இவ்வாறு விமானம் கட்டுவோருள் சிலர், பழைய உறையை நீக்கிவிட்டு, வேறொருவர் கண்ணாடி நாரினால் செய்து விற்கும் உறையை வாங்கிப் பொருத்துகின்றனர். வேகமும் அழகும் அவர்தம் நோக்கம். வைக்கின் முதல் உறைக்கு நேர்ந்த கதி இவர்களுக்கும் நேரக்கூடும்.

இதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். சிறு விமான இயந்திரங்களிற் பல, பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள் உடையன. உறையின் முகப்பிலுள்ள இரு துளைகள் வழியே புகும் காற்று, சிலிண்டர்களின் மேலிருந்து கீழாகப் பாய்ந்து, அடிப்புறத்தால் வெளியேற வேண்டும். தடுப்புத் தகடுகளுக்கும் புதிய உறைக்கும் இடையே சந்து இருப்பின், காற்று சிலிண்டர்களைத் தொடாமலே ஓடிவிடும். வெப்பமுற்ற காற்று விரிவடையும். ஆகவே வெளிவாயில் போதிய அளவு அகலமாய் இராவிடின் உள்ளே வரும் காற்றும் தடைப்படும். இரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்த இயந்திரம் ஓடும்போது அசையும். நாளடைவில் சிறிது தாழவும் செய்யும். அதற்கும் உறையினுள் இடம் விட்டாக வேண்டும்.

லிபரேட்டரின் உறைக்குப் பின்புறம் சிறு மடல்கள் இருந்தன. விமானி மேலேறும்போது அவற்றைத் திறப்பார். சமநிலையில் பறக்கும்போது மூடுவார். வீட்டில் கட்டிய விமானம் பலவற்றில் இவ்வசதி இல்லை. வெளிவாயிலின் அளவை ஒருமுறை நிச்சயித்துவிட்டால், ஏற்றத்துக்கும் ஓட்டத்துக்கும் அதுவே கதி. ஆதலின் அறிவுடையோர் உறையை முதலில் தரையிலும், பின்னர் விமானத்தளத்தை விட்டகலாத குறும்பறப்புகளிலும் சோதித்து, சிலிண்டர் தலையின் வெப்பத்தைக் கண்ணுங்கருத்துமாய்க் கவனிப்பர். லைக்காமிங் இயந்திரங்கள் பலவற்றுக்கு அதன் உச்ச வரம்பு 260 பாகை செல்சியஸ். நெடுங்காலம் உழைக்க வேண்டுமாயின் அதனினும் நன்கு தாழ்ந்தே நிற்றல் வேண்டும்.

உறை என்பது இயந்திரத்தை மறைக்கும் மூடி மட்டுமன்று. காற்றுக்கு வகுத்த வழி. காற்று புகும் வாயிலைப் பலரும் காண்பர். அது வெளியேறும் வாயிலையும் எண்ணிப் பார்ப்பவனே பத்திரமாகத் தரை சேர்வான்.