சூடோ

லினக்ஸ் கணினியில் நிர்வாகி வேலை எதற்கும் முன்னால் தட்டும் கட்டளை. போலி என்று பொருள்படும் கிரேக்க ஒட்டும் இப்படியே ஒலிப்பதால், 'போலி நிர்வாகி' என்று விளக்குவோர் உண்டு. தவறு. இது 'சூ', 'டூ' இரண்டும் ஒட்டிய சொல். 'சூ' 1971இன் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. 'சூப்பர் யூசர்' என்பதன் சுருக்கம். பின்னாளில் எந்தப் பயனராகவும் மாறலாம் என்றானதும் 'மாற்றுப் பயனர்' என்றும் விரித்தார்கள். 'டூ' என்றால் செய். ஆக, வேர்ப்படி 'சூடூ'தான் சரி. வழக்கு கேட்கவா போகிறது?

1980 வாக்கில், பஃபலோவிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. சாவிக்கொத்தையே தராமல், வேண்டிய அறையை மட்டும் திறந்துவிடும் ஏற்பாடு.

இதன் பிள்ளைச்சொல் 'சூடோயர்ஸ்': யார் யாருக்கு அனுமதி என்று சொல்லும் கோப்பு. உபுண்டு லினக்ஸில் 'சூடோ' என்ற குழுவில் இருந்தாலே அனுமதிதான். வம்பும் அங்கேதான். பயனரைக் குழுவில் சேர்க்கும் 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய 'ஜி'யைப் போட்டு, முன்னால் 'ஏ'யை மறந்தால், புதுக் குழுவில் சேர்த்துவிட்டுப் பழைய துணைக் குழுக்கள் அனைத்திலிருந்தும் பெயரை எடுத்துவிடும், சூடோவும் போச்சு. மறுமுறை உள்நுழைந்து சூடோ தட்டினால், நீங்கள் பட்டியலில் இல்லை என்று கணினி கைவிரிக்கும். 'ரூட்' எனும் சூப்பர் யூசர் கணக்கும் பூட்டியே வருவதால், ரெக்கவரி மோடில் ஏறி, ரூட் ஷெல்லில் வட்டை எழுதும் நிலைக்கு மாற்றி, பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். இம்முறை 'ஏ'யோடு.